காலைக் கொர்ட்டிசோலா, ஊசி போட்டுப் பார்ப்பதா?

மூட்டுவலிக்கோ மூச்சுமுட்டுக்கோ மாதக்கணக்கில் பிறெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை போட்டவர் அதைக் குறைத்துக்கொண்டு வரும்போது, குளிசையால் வேலை குறைந்துபோன, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி பழையபடி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். காலையில் ஒருமுறை இரத்தம் எடுத்து, அது சுரக்கும் கொர்ட்டிசோல் என்ற ஹோர்மோனின் அளவைப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்தச் சுரப்பியைத் தூண்டும் சினாக்தென் ஊசி போட்டு, முன்னும் பின்னும் பார்க்கலாம்.

காலைப் பரிசோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். ஒரே குத்து, செலவும் குறைவு. ஆனால் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. கொர்ட்டிசோல் விடியலோடு உச்சத்துக்கு ஏறி, பகல் போகப் போக இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதனால் 8 மணி, பிந்தினால் 9. மண்டூரில் இருந்து பாதைப் படகில் குருமண்வெளிக்குக் கடந்து, பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வர 11 மணியாகிவிட்டால், குறைவாக வரும் எண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்தம் எடுத்த நேரம் துண்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அன்றைய குளிசையை இரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். பல இயந்திரங்கள் பிறெட்னிசொலோனையும் கொர்ட்டிசோலாகவே எண்ணிவிடும். அதற்காக வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசையும் அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

2024இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டலின்படி, ஸ்டீரொயிட் குறைப்பவர்களுக்கு லீட்டருக்கு 300 நனோமோலுக்கு மேல் வந்தால் சுரப்பி தேறிவிட்டது. 150க்குக் கீழே என்றால் குளிசை தொடர வேண்டும். இடையில் நின்றால்? சில வாரம் விட்டுத் திரும்பப் பார்க்கலாம், அல்லது ஊசிப் பரிசோதனைக்குப் போகலாம்.

சினாக்தெனில் 250 மைக்ரோகிராம் ஊசி ஏற்றி, அரை மணி நேரத்தில் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். சில இடங்களில் ஒரு மணி நேரத்திலும். காலையிலேயே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் அவ்வளவு இல்லை, தூரத்தில் இருந்து வருபவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பிரசவத்தில் அதிக இரத்தம் போய், அதிரீனலை இயக்கும் மூளையடிக் கபச்சுரப்பி அண்மையில் பாதிக்கப்பட்டிருந்தால், அதிரீனல் இன்னும் சுருங்கியிராது. முடிவு நல்லதாகவே வந்து ஏமாற்றிவிடும்.

நள்ளிரவு எச்சில் பரிசோதனை கொர்ட்டிசோல் கூடியிருக்கிறதா என்று பார்க்கத்தான், இதற்கு உதவாது.

இப்படிக் கொர்ட்டிசோல் குறையக்கூடியவர் ஓயாத வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம் என்று வந்தால் எந்தப் பரிசோதனைக்காகவும் காத்திருக்கக்கூடாது. முடிந்தால் இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, உடனே ஹைட்ரோகொர்ட்டிசோன் (மருந்தாகத் தரும் கொர்ட்டிசோல்) ஊசி போட வேண்டும்.