இடது ஓரத்து டாஸ்க்பார்: விண்டோஸ் 11 உடன் பத்து மாதங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் தோழி ஒருவர், என்னைப் போலவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், கடந்த வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, நீங்கள் மாறிப் பத்து மாதமாகிறதே, நானும் விண்டோஸ் 11 போடட்டுமா?" ஒரு சொல்லில் பதில் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவருக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

அவர் அவசரப்படுவதில் நியாயம் உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. கணினி பழையபடி ஓடும். நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைத்தான் யாரும் அடைக்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் இது சின்ன விடயம் அல்ல. ஊராருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இலக்கம், விவாகரத்துத் தீர்ப்பு என்று எத்தனையோ எங்கள் கணினிகளில் கிடக்கின்றன. எங்களை நம்பித் தந்தவை. அதனால்தான் நான் ஒக்டோபர் வரை காத்திராமல் ஜனவரியிலேயே மாறினேன்.

என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட மடிக்கணினி. சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனாலும் காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதற்கு 11 ஏறாது, புதிதாக வாங்குங்கள்" என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும் பாதுகாப்புக் கூறான டிபிஎம் 2.0 இல்லை என்று திரையில் வந்தது உண்மை. மறுநாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவின் மகன், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸைத் திறந்தான். "மாமா, இது உள்ளேயே இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று பிடிடி என்ற வரியை இயக்கினான். இன்டெல் கணினிகளில் டிபிஎம் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருக்குமாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட மனமில்லாமல், நல்ல கணினி வைத்திருப்பவரைக் கடன்பட்டுப் புதிது வாங்கச் சொல்வது அநியாயம். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. கடையில் முடியாது என்று சொன்னால், முதலில் டிபிஎம் அணைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மாறியபோது எனக்கு இருந்த பயம் எழுத்துருவைப் பற்றியது. பதினைந்து வருடக் கோப்புகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு காணாமல் போனால், தமிழில் அடித்த முழுப் பத்திரமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவோடு ஏற்றினேன். ஒன்றும் போகவில்லை. பாமினி, சிங்கள எழுத்துருக்கள், மூன்று மொழி விசைப்பலகைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. 2009இல் செய்த திருமணப் பதிவொன்றைத் திறந்து, எழுத்துகள் சரியாக விழுவதைப் பார்த்த பிறகுதான் தேநீர் குடிக்கப் போனேன்.

மகிழ்ச்சி தந்தவற்றையும் சொல்ல வேண்டும். சாளரத்தின் மேல் மூலையில், பெரிதாக்கும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் திரையைப் பிரிக்கும் கட்டங்கள் வருகின்றன. இடது பாதியில் சிங்கள மூலம், வலது பாதியில் என் ஆங்கிலம். ஓரிரு சொடுக்கில் இரண்டும் பொருந்தி நிற்கின்றன. இன்னொன்று நோட்பேட். ஒருவருக்குக் கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறது, தந்தையின் பெயரில் எத்தனை எழுத்து, எந்தப் பதிவாளர் பிரிவு என்று துண்டு துண்டாக அதில்தான் குறித்துவைப்பேன். இப்போது ஒரே நோட்பேடில் பல தாள்கள் வைக்கலாம். சேமிக்காமல் மூடிவிட்டாலும், அடுத்த முறை திறக்கும்போது எழுதியது அப்படியே வருகிறது. திருகோணமலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்கு அழைத்து மகளின் பெயர் எழுத்துக்கூட்டலைத் திருத்தினார். குறித்துவிட்டுச் சேமிக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் அது அங்கே இருந்தது. ஒரு பெயரில் ஓர் எழுத்து பிழைத்தால் விசாவே தங்கிவிடும் தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

இனி, பத்து மாதமாக ஆறாத குறை.

விண்டோஸ் 95 காலத்திலிருந்து, திறந்திருக்கும் சாளரங்களைக் காட்டும் பட்டையான டாஸ்க்பாரைத் திரையின் நான்கு ஓரங்களில் எதற்கும் நகர்த்தலாம். நான் எப்போதும் இடது ஓரத்தில்தான் வைத்திருந்தேன். திரை அகலமானது, பத்திரம் நெடியது. பக்கவாட்டில் கொஞ்சம் இடம் போனால் நட்டமில்லை. என்னுடைய விண்டோஸ் 11இல் அது கீழேதான். நகர்த்தும் தெரிவே இல்லை. என் திரையின் உயரம் 768 பிக்சல். அதில் 48ஐ டாஸ்க்பார் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 10இல் கீழே வைத்திருந்தாலும் 40தான் போயிருக்கும். 48 பிக்சல் என்றால் எனக்கு இரண்டு வரி. பத்திரத்தின் அடியில் பதிவாளர் ஒப்பமும் வழங்கிய திகதியும் இருக்கும் அந்த இரண்டு வரிதான் மறைகிறது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை!

தானாக மறையும்படி வைத்துப் பார்த்தேன். வேர்டில் சொற்களின் எண்ணிக்கை இடது கீழ் மூலையில் தெரியும். அதைச் சொடுக்கப் போனால் டாஸ்க்பார் மேலெழுந்து அதை மூடிவிடுகிறது. நேற்று நீண்ட உறுதிப் பத்திரமொன்றை முடித்து, சொற்களை எண்ணிக் கட்டணம் கணக்கிட முயன்றபோது நான்கு முறை இதே நடந்தது. டாஸ்க்பாரில் சாளரங்களை ஒன்றாக அடுக்காமல் தனித்தனியே காட்டும் வசதியை முதலில் எடுத்திருந்தார்கள். பயனர்கள் விடாமல் கேட்டதால் 2023இல் திருப்பித் தந்தார்கள். இதையும் தரலாமே. முப்பது வருடக் கைப்பழக்கத்தை எதற்காகப் பறிக்க வேண்டும்?

எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய கணினி வைத்திருப்பவர்கள் மாறுவதே பாதுகாப்பு. அறிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தோழியே, உங்களுக்கு என் பதில்: மாறாதீர்கள். உங்களுடையது ஏழாம் தலைமுறை. முறைப்படி 11 ஏறாது. சுற்றுவழியில் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லை. சத்தியப்பிரமாணம் செய்து ஒப்பமிடும் வேலையை அதன்மேல் வைக்கக் கூடாது.

விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் காப்புப்பிரதி எடுத்தால் பணம் தேவையில்லை. இல்லாவிட்டால் 30 டொலர். புதிய கணினிக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால்தான் இந்த நீட்டிப்புக்குப் பதிவு செய்யலாம். அதை மட்டும் இன்று பார்த்துவையுங்கள்.

ஞாயிறு காலை நான் கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். பதிவை முடித்துவிட்டு, உங்கள் டாஸ்க்பாரை இடது ஓரத்துக்கு நகர்த்திக் காட்டுகிறேன். ஒரு பிறப்புப் பத்திரத்தைத் திறந்து கடைசி வரி வரை பாருங்கள்.