அலறும் டிஸ்க் பிரேக்: பழைய பேடைத் தேய்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற ஆண்டு அதில் இறங்கியபோது என் மலைச் சைக்கிளின் பின் பிரேக் வளைவுக்கு வளைவு அலறியது. லீவரை முழுக்க அழுத்தினாலும் வண்டி தயங்கித்தான் நின்றது. சத்தத்தோடு பிடிப்பும் குறைகிறது என்றால், பெரும்பாலும் பேடில், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டையில், எண்ணெய் ஏறியிருக்கிறது என்று பொருள். கிளம்புவதற்கு முந்தைய நாள் செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்திருந்தேன். அதன் தூவல் ரோட்டர் எனப்படும் அந்த வட்டத் தகட்டிலும் படிந்துவிட்டது.

பேடைக் கழற்றும் முன், அதைத் தாங்கியிருக்கும் காலிப்பர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்கினால் போதும். சில வண்டிகளில் சத்தம் இதோடு தீர்ந்துவிடும். ரோட்டரின் தடிமனையும் அளந்து பாருங்கள். ஷிமானோ ரோட்டர் என்றால் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததை ஓட்டக் கூடாது.

உப்புத்தாளில் தேய்ப்பது ஏறக்குறைய செலவில்லாத வழி. பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்து, எண்ணெய் படாமல் இருந்தால் அதுவே போதுமானது. என் பேடில் எண்ணெய் ஏறியிருந்தது. மூன்று முறை தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் அமைதி, அடுத்த நீண்ட இறக்கத்தில் மறுபடி அதே அலறல். பேட் நுண்துளைகள் கொண்ட பொருள். எண்ணெய் உள்ளே இறங்கிவிடுவதால் மேல்பரப்பைச் சுரண்டியதும் போனதுபோல் தெரிகிறது. பிரேக் சூடானதும் உள்ளிருந்து கசிந்து வருகிறது. அடுப்புத் தீயில் காட்டி எண்ணெயை எரிப்பவர்களும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உராய்வுப் பொருள் பேடின் பின்புற உலோகத் தகட்டிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும், அது பெயர்வது மலை இறக்கத்தில் என்றால் உயிருக்கே ஆபத்து.

கடைசியில் புது ரெசின் பேட் (உராய்வுப் பொருளைப் பிசினால் இணைத்துச் செய்தது) வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பேடை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி ரோட்டரைத் துடைப்பதும் பேடைப் பழக்குவதும். பலர் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, புது பேடும் கத்துகிறது என்று கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் ரோட்டரின் இரு பக்கங்களையும் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகு ரோட்டரில் விரல் படக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப்பசையே போதும், புது பேடைக் கெடுத்துவிடும்.

பழக்குவதற்கு ஆளில்லாத சமதளச் சாலை வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, நடை வேகம் வரை சீராகப் பிரேக் பிடித்து, முழுதும் நிற்காமல் விட்டுவிடுங்கள். இப்படி 20 முறையாவது செய்ய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. பேடின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும். படலம் திட்டுத்திட்டாகப் படிந்தால் ரோட்டர் அதிரும், அந்த அதிர்வே கீச்சொலியாக வெளிவரும். என் வண்டியில் பத்தாவது முறைக்குப் பிறகே பிடிப்பு கூடுவதைக் கையில் உணர்ந்தேன். அதன் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது, பின் பிரேக் அலறவில்லை.

சின்டர்டு எனப்படும் உலோகப் பேடைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. நண்பரின் வண்டியில் சில நாள் ஓட்டியதுதான் என் அனுபவம். சேற்றிலும் மழையிலும் ரெசினைவிட நெடுநாள் உழைக்கும், நீண்ட இறக்கத்தின் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஈரத்தில் சத்தம் கூடுதல். நாள்தோறும் மலை இறங்குபவருக்கு அதுவே பொருந்தக்கூடும். வாங்கும் முன் உங்கள் ரோட்டரில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். விலை குறைந்த ரோட்டர்கள் பலவற்றில் ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அவற்றில் உலோகப் பேடைப் போட்டால் ரோட்டர் விரைவில் தேய்ந்துபோகும்.