பேட்டரியா பெட்ரோலா: அணைக்கட்டுப் பக்கத்துக் கொல்லையில் இரண்டு பிரஷ் கட்டர்கள்

வேலூர்ப் பக்கம் பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் மெஷின்) வாங்கப் போகிற யாரும் முதலில் கேட்பது "எது பவர் ஜாஸ்தி?" என்பதுதான். பதில் சுலபம், பெட்ரோல்தான். ஆனால் இரண்டையும் சில வருஷமாக வைத்து ஓட்டிய பிறகு நான் கேட்கும் கேள்வி வேறு: உங்கள் இடத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டப் போகிறீர்கள்?

என்னிடம் இருப்பது 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மெஷின் ஒன்று, 36 வோல்ட் பேட்டரி மெஷின் ஒன்று. பெட்ரோல் மெஷின் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக் கொல்லைக்கு. தென்னை, கொஞ்சம் மா, ஓரமெல்லாம் வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்). பேட்டரி மெஷின் சத்துவாச்சாரி வீட்டைச் சுற்றி வெட்ட வாங்கியது, இப்போது அதுவும் கொல்லைக்குப் போய்வருகிறது.

ஐப்பசி மழை பிடித்து, நாம் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்காமல் விட்டால் பார்த்தீனியம் களை இடுப்பளவு நிற்கும். அதுக்குப் பேட்டரி மெஷினைக் கொண்டுபோனால் பாதியிலேயே சார்ஜ் போய்விடும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 36 வோல்ட், 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருக்கும் சக்தி மொத்தம் 180 வாட் அவர் (வாட்-மணி) மட்டும்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9000 வாட் அவர். சின்ன இன்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் சூடாக வெளியே விட்டாலும், மிச்சமே பல பேட்டரிக்குச் சமம்.

வேலிகாத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரல் மொத்தத்துக்கு மேல் போனால் புல் வெட்ட மாட்டும் நைலான் ஒயர் தோலைத்தான் உரிக்கும், இரும்பு பிளேடுதான் போட வேண்டும், அதுக்கு இன்ஜினோட இழுவை வேணும். பேட்டரி மெஷினிலும் பிளேடு மாட்டலாம்தான், ஆனால் அடிக்கட்டையில் சிக்கினால் ஓவர்லோடு என்று தானே நின்றுவிடுகிறது. இன்னொன்று, பெரும்பாலான மெஷின்களில் மேலிருந்து பார்த்தால் பிளேடு இடப்பக்கமாக (கடிகார முள்ளுக்கு எதிராக) சுற்றும், அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். பிளேடின் வலது முன்பக்கம் கட்டையில் இடித்தால் மெஷின் எகிறி அடிக்கும். அப்புறம், எந்த மெஷினால் வெட்டினாலும் வேலிகாத்தான் அடியிலிருந்து துளிர்க்கத்தான் செய்யும். வேரோடு தோண்டாத வரைக்கும் அதற்கு முடிவு கிடையாது.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பேட்டரி மெஷினைத்தான் அதிகம் எடுக்கிறேன்? பட்டனை அமுக்கினால் ஓடுகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் கொஞ்ச நேரம் கிடைத்தால் நாலு தென்னைப் பாத்தியைச் சுத்தம் செய்துவிட்டு வரலாம். பெட்ரோல் மெஷினை அதுக்காக எடுத்து, பெட்ரோல் பார்த்து, ஆயில் பார்த்து, கயிறு இழுத்து, தோளில் பெல்ட் மாட்டி... மனசு வராது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம், புல் புதராகிவிடும். பேட்டரி இருந்தால் அடிக்கடி வெட்டுகிறோம், அடிக்கடி வெட்டினால் பேட்டரியே போதும். பார்த்தீனியத்தைப் பூ வைக்கும் முன்னால் வெட்ட வேண்டும் என்பதற்கும் இது நன்றாகப் பொருந்துகிறது (முழுக்கைச் சட்டை, மாஸ்க் கட்டாயம், அந்தச் செடி தெறித்துத் தோலில் பட்டால் பலருக்கு அரிப்பு பிடுங்கி எடுக்கும்).

சத்தம் குறைவு என்பதைச் சொகுசாக மட்டும் நினைக்காதீர்கள். கண்ணாடி விரியன் சட்டென்று ஓடாது, கிடந்த இடத்திலேயே சீறும். பெட்ரோல் மெஷின் ஓடும்போது அந்தச் சீறல் காதில் விழ வாய்ப்பே இல்லை. எந்த மெஷினானாலும் முழங்கால் வரை கம்பூட் போடுங்கள்.

பேட்டரிக்கு நம்ம ஊரில் இருக்கிற பெரிய குறை வெயில். மே மாசம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஓடிச் சூடான பேட்டரியைக் கழற்றி உடனே சார்ஜரில் போட்டால் ஆறும்வரை சார்ஜே ஏறாது, லித்தியம் செல்லைக் காப்பாற்ற அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பேட்டரி இல்லாமல் கோடையில் வேலை நடக்காது, அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஆன்லைனில் மலிவாக "48 வோல்ட்" என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். ஒரு செல் 3.6 வோல்ட், உள்ளே வரிசையாக ஐந்து செல் இருந்தால் அது 18 வோல்ட், முழு சார்ஜில் 21. ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

பெட்ரோல் மெஷினுக்கு எமன், சும்மா கிடப்பது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டர் கெடும். தை மாசத்துக்கு அப்புறம் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். டூ ஸ்ட்ரோக் மெஷின் வாங்கினால் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வீடும் கொஞ்சம் தோட்டமும் மட்டும் என்றால் பேட்டரி. அரை ஏக்கருக்கு மேல், வேலிகாத்தானும் இருக்கிறதென்றால் முதலில் பெட்ரோல். வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவர் இரண்டில் எதையும் வாங்க வேண்டாம், மெஷினோடு வரும் ஆளைக் கூப்பிட்டால் போதும். எதை வாங்கினாலும் பிளேடு நட்டைக் கடையிலேயே உங்கள் கையால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.