பூச்சுக்கு அடியில் மஞ்சள் எழுத்து: ஹைட்ரோபூஸ்ட் பிரேக் போடப் போய் ஏமாந்த கதை

டெட்ராய்ட் பக்கம் பழைய கார் வைத்துக்கொண்டு மல்லாடும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அதில் யாராவது ஹைட்ரோபூஸ்ட் என்ற பவர் பிரேக் போடும் யோசனையில் இருந்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை.

என்னுடையது 1969 ஷெவர்லே ஷெவல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சத்தத்துக்கு ஆசைப்பட்டு எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டுவிட்டார். உறுமல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கேமுக்கு வேக்கம், அதாவது எஞ்சின் காற்றை இழுப்பதால் வரும் உறிஞ்சல், சரியாக வராது. மிதியை இலகுவாக்கும் சாதாரண பிரேக் பூஸ்டருக்கு 18 அங்குலப் பாதரசம் அளவுக்கு வேக்கம் வேண்டும். என் காரில் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 9-ஐத் தாண்டாது. சிக்னலில் இரண்டாவது தடவை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும்.

ஹைட்ரோபூஸ்டுக்கு வேக்கம் வேண்டாம். பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தமே பிரேக்குக்கும் உதவும். டீசல் வண்டியில் வேக்கம் கிடைக்காது என்பதால் பெரிய வண்டிகளில் பல காலமாக இருக்கும் ஏற்பாடுதான். பம்பிலிருந்து எண்ணெய் முதலில் பூஸ்டருக்குப் போகும், அங்கிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கு. எஞ்சின் திடீரென்று நின்றுபோனால் இரண்டு மூன்று மிதிக்காவது தாங்க, அக்யுமுலேட்டர் என்ற சின்ன உருளை கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல ஏற்பாடு. என் சண்டை அதனோடு இல்லை.

மே மாதம் பட்டறையில் காரை விட்டேன். புது பூஸ்டர், புது மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,850 டாலர், இரண்டு வாரம் என்றார்கள். பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் நூறு டாலர் குறைப்பதாகச் சொன்னார்கள். குறைத்தார்கள். அந்த நூறு டாலருக்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது. இரண்டு வாரம் ஏழு வாரமானது. ஆகஸ்டில் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் வருகிறதே என்ற அவசரத்தில் நானும் எதையும் குடைந்து பார்க்காமல் காரை எடுத்து வந்துவிட்டேன்.

முதல் நாளே ஒன்று புரியவில்லை. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால், கால் வைக்காமலேயே பிரேக் பிடித்தது. போன் செய்தேன். "புதுசு இல்லையா, ஐந்நூறு மைல் ஓட்டுங்கள், செட்டாகிவிடும்" என்றார்கள். புதுச் செருப்புக்குச் சொல்கிற பதில். அதையும் நம்பினேன்.

அடுத்த வாரம் வுட்வர்டில் சிகப்பு விளக்கை நெருங்கும்போது எஞ்சின் அணைந்துவிட்டது. பெரிய கேம் அப்படித்தான், அவ்வப்போது அணையும். அக்யுமுலேட்டர் இருக்கிறதே என்று மிதித்தேன். பெடல் அசையவில்லை. இரண்டு காலையும் வைத்து சீட்டிலிருந்து எழும்பி மிதித்ததில், கோட்டைத் தாண்டி அரை கார் நீளம் போய் நின்றது. குறுக்கே யாரும் வராதது என் அதிர்ஷ்டம். பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் தூக்கிய ஐந்து நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பூஸ்டரின் ரிட்டர்னையும் (எண்ணெய் திரும்பும் வழி) ஸ்டீயரிங் பெட்டியின் ரிட்டர்னையும் ஒரு டீ-யில், அதாவது T வடிவ இணைப்பில், சேர்த்து ஒரே ஹோஸாக ரிசர்வாயர் என்ற எண்ணெய்த் தொட்டிக்கு விட்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கிலிருந்து திரும்பும் எண்ணெய் அந்த டீ-யில் நெரிந்து பூஸ்டரைப் பின்னாலிருந்து தள்ளும். பிரேக் தானாகப் பிடித்தது அதனால்தான். இரண்டு ரிட்டர்ன் மூக்கு உள்ள ரிசர்வாயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஹோஸ் விட்டிருக்க வேண்டும். பழைய ஸ்டீயரிங் பெட்டியில் ஃபிளேர் ஃபிட்டிங், பூஸ்டரில் ஓ-ரிங் ஃபிட்டிங், இரண்டும் வேறு வேறு வகைக் குழாய் இணைப்பு. பொருந்தாததற்கு அடாப்டர் வாங்காமல் டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள், கசிந்துகொண்டிருந்தது. பெடலிலும் பவர் பிரேக்குக்கான கீழ்த் துளையை விட்டுவிட்டு, சாதா பிரேக்குக்கான மேல்துளையில் பூஸ்டரைத் தள்ளும் கம்பியை மாட்டியிருந்தார்கள்.

கடைசியாக பூஸ்டரின் கறுப்புப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். அடியில் மஞ்சள் மார்க்கரில் ஏதோ எண். ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடம்) பொருளைக் கழற்றியதும் எழுதிவைப்பார்களே, அது. ஏதோ பழைய வேனிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அக்யுமுலேட்டரில் அழுத்தமே நிற்கவில்லை. எனக்கு வந்த பில்லில் "புதிது" என்று எழுதியிருக்கிறது.

அவர் காட்டிக்கொடுத்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு தடவை மிதியுங்கள். லேசாகக் காலை வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கி, அப்புறம் காலை மேலே தள்ள வேண்டும். அடுத்தது சேமிப்பு: ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு எஞ்சினை அணையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மிதியுங்கள். இரண்டு மிதியாவது இலகுவாக இருக்க வேண்டும். என் காரில் முதல் மிதியே கல். ஒன்று மட்டும் கவனம்: பெடலை நன்றாக மிதித்து அழுத்தத்தை இறக்காமல் ஹோஸ் எதையும் கழற்றாதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் உருளைக்குள் அழுத்தம் இருக்கும்.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், "நீங்கள் வேறு யாரையோ கைவைக்க விட்டுவிட்டீர்கள், இனி பொறுப்பில்லை" என்றார்கள். கார்டில் கட்டிய பாதியை வங்கி மூலம் தகராறு செய்து திரும்ப வாங்கினேன். ரொக்கமாகக் கொடுத்தது போனதுதான், ரசீதுகூட இல்லை. மிச்சிகனில் பழுதுபார்க்கும் பட்டறைகள் மாநில அரசின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் கேட்கவும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. இதெல்லாம் எனக்குப் புகார் எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது போட்டிருப்பது நிஜமாகவே புது பூஸ்டர். இரண்டு ரிட்டர்ன் உள்ள ரிசர்வாயரையும் ஹோஸையும் தனியாகப் பார்த்தால் நூறு டாலர்கூட ஆகவில்லை. பழைய பூஸ்டர் கராஜில் இருக்கிறது. புகார் முடியும்வரை அதைத் தூக்கிப்போட முடியாது. இந்தப் பக்கம் யாராவது இதே வேலைக்கு எஸ்டிமேட் வாங்கியிருந்தால் கேளுங்கள், எந்தப் பட்டறை என்று தனியாகச் சொல்கிறேன்.