பத்திரம் இல்லாத பக்கத்து நிலம்: இணையவழிப் பட்டா சேவை எவ்வளவு தூரம் உதவும்?

காங்கேயம் வட்டத்தில் உள்ள என் மாமனார் வீட்டின் கிழக்குப் பக்கம், கட்டுத்தரையும் இரண்டு தென்னைகளும் இருக்கும் நாலைந்து சென்ட் நிலத்துக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தின் அனுபவத்தில் இருக்கும் அந்த இடத்தைச் சட்டப்படி உரிமையாக்கிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பதற்காகத் தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நிலப் பதிவேட்டு இணையதளத்தைப் பயன்படுத்தினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அது எதில் உதவும், எதில் உதவாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கைப்பேசி எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். நாம் ஊர் என்று சொல்லும் வலசோ புதூரோ அதில் இருக்காது. ஒரே பெயரில் நான்கு பாளையங்கள் இருக்கும் நம் பகுதியில், பழைய தீர்வை ரசீதைப் பார்த்து வருவாய்க் கிராமத்தை உறுதிசெய்துகொண்டு உட்காருவது நல்லது. அடுத்து ‘ஊரகம்’, ‘நத்தம்’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில் அமைந்தவை என்பதால், ஊரகத்தில் தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இந்தச் சேவையின் உண்மையான பயன் பட்டா நகலைவிட, கிராமத்தின் ஒவ்வொரு நிலத்தின் வகையையும் குறிக்கும் அ-பதிவேட்டிலும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்திலும்தான் இருக்கிறது. ‘யாருக்கும் சொந்தமில்லாத இடம்’ என்று ஊரில் சொல்லப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் அ-பதிவேட்டில் ஒரு வகைப்பாடு இருக்கும். நத்தம் என்றிருந்தால், குடியிருப்பையும் நீண்டகால அனுபவத்தையும் காட்டி வட்டாட்சியரிடம் பட்டாவுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. வண்டிப்பாதை, ஓடை என்றிருந்தால், எத்தனை ஆண்டு அனுபவத்தைச் சொல்லிப் பட்டா கேட்டாலும் கிடைக்காது. எங்கள் கிளுவை வேலிக்கு அப்பால் செல்லும் இட்டேரி (வேலிகளுக்கு இடையே போகும் பாதை) பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்கிறது. புலப்படத்தில் கோட்டின் ஓரம் மீட்டரில் எழுதியிருக்கும் சிறிய எண்களை நாடாவால் அளந்து ஒப்பிட்டபோது, வேலியே ஒரு முனையில் பாதைக்குள் சற்று நீண்டிருப்பதுபோல் தெரிந்தது. நாம் பிடிக்கும் நாடா எதற்கும் சான்றாகாது. அதற்கு நில அளவருக்கு விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்த முனையைக் கேட்டு அலைய வேண்டாம் என்பது வீட்டிலிருந்தபடியே தெளிவாயிற்று.

கட்டுத்தரை இருக்கும் பகுதியோ, மாமனாரின் பெரியப்பா பெயரில் பட்டா நிலமாகவே இருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாங்கள் ஆலோசனை கேட்ட ஓர் ஆவண எழுத்தர், பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தாலே இடம் நம்முடையது என்றும், மகன் பெயருக்கு ஒரு தானசெட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றும் உறுதியாகச் சொன்னார். கட்டணத்தையும் அதே உறுதியுடன் சொன்னார். நமக்கு இல்லாத உரிமையை நாமே எழுதிக் கொடுத்து உண்டாக்க முடியாது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு என்பது உண்மைதான். எதிரிடை அனுபோகத்தால், அதாவது பிறர் நிலத்தை நெடுங்காலம் தன்னுடையதாக அனுபவித்ததால், உரிமை பெற்றவர் தாமே வாதியாக வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததும் உண்மைதான். ஆனால் அந்த அனுபவம் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். பங்காளி ‘மாடு கட்டிக்கொள்’ என்று விட்ட இடத்தில் ஐம்பது ஆண்டு மாடு கட்டினாலும் அது அனுமதியின் பேரில் இருந்ததாகவே கொள்ளப்படும். பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் கைவசம் மற்றவர்களின் கைவசமாகவும் கருதப்படும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கைவிடப் பெரியப்பாவின் வாரிசுகளிடம் பேசி, வாரிசுச் சான்றுடன், அவர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ கிரயமோ பதிவுசெய்வதே நேர்வழி. யாரிடம் பேச வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்த இணையதளம்தான்.

இதனுடன் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட வேண்டும். 1975 முதலான பதிவுகளைக் கட்டணமின்றி அங்கே பார்வையிடலாம். வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்தால் இடம் யாருக்கும் சொந்தமில்லை என்று பொருளல்ல. அந்தக் காலத்தில் பதிவான பரிமாற்றம் எதுவும் இல்லை என்பது மட்டுமே பொருள். வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களில் இப்படித்தான் வரும்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவே தவிர முழு உரிமை ஆவணம் ஆகாது. பெயர் மாற்றம் செய்யாமல் விட்ட வீடுகளில் இறந்தவர் பெயரே இன்னும் நிற்கும். யார் உண்மையில் குடியிருக்கிறார் என்பதையும் அது சொல்லாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நிலஉடைமை மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் பெயர் தவறாக ஏறியிருந்தால், அதைத் திருத்தத் தனியே மனுக் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் கழித்த பிறகும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அச்செடுத்த நகலில் உள்ள கியூஆர் குறியீட்டை வழக்கறிஞரே தம் கைப்பேசியில் சரிபார்த்துக்கொண்டதால், முத்திரை வாங்க அலையும் வேலையும் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.