ரப்பர் ஸ்பீட் பிரேக்கர்: அம்மாபேட்டை பக்கம் எங்க தெருவுல போட்டு 7 மாசம்

பாதாள சாக்கடைக்கு தோண்டிப் போட்டிருந்த வரைக்கும் எங்க தெருவுல யாரும் வேகமா போனதில்ல, போகவும் முடியாது, பள்ளமும் சேறும்தான். புது தார் ரோடு போட்ட அன்னிக்கு எல்லாரும் வாசல்ல நின்னு பாத்து அவ்ளோ சந்தோஷப்பட்டோம். ஒரே வாரம்தான், மெயின் ரோட்டு நெரிசலுக்கு பயந்தவங்க எல்லாம் எங்க தெருவை கட் ரோடாக்கிட்டாங்க, காலைல எட்டரை மணிக்கு பைக்கு, ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன்னு வரிசையா பறக்கும்.

பக்கத்து வீட்டு பாப்பா யூகேஜி படிக்கிறா, ஒரு நாள் சாயங்காலம் பந்து எடுக்க ஓடிட்டா. பைக்ல வந்த பையன் பிரேக் அடிச்சு சாஞ்சு நின்னப்ப அவளுக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சாண் கூட இருக்காது. அவளோட ஒத்த செருப்பு நடு ரோட்டுல கிடந்துச்சு, டயர் கருகின வாசம் அடிச்சுது, அவ அம்மா தறியை நிறுத்தாம அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாங்க, உள்ள ஆளில்லாம தறி ஓடிட்டு இருந்த அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடிடும், ஓட்டுறவர் பாத்து கால் பிரேக்குக்கு போறதுக்குள்ளயே மூணு வாசல் தாண்டிடும்ங்க.

நாமளே சிமெண்ட் கொட்டி மேடு கட்டிரலாம்னு சில பேர் நின்னாங்க. நான் வேண்டவே வேண்டாம்னேன். அனுமதி இல்லாம போடக்கூடாது, பெயிண்ட் இல்லாத மேட்டுல ராத்திரி தெரியாம ஏறி விழுந்தா அது யார் வீட்டு பிள்ளைங்க? வீடு வீடா கையெழுத்து வாங்கி மனு குடுத்து, அனுமதி வந்த பிறகு தெருக்காரங்களே காசு போட்டு ரப்பர் வாங்கினோம்.

சாமான் எப்படின்னா கருப்பும் மஞ்சளும் மாறி மாறி, ஒரு பீஸ் அரை மீட்டர் நீளம், 35 செமீ அகலம், 5 செமீ உயரம், ஓரத்துக்கு வளைஞ்ச பீஸ் தனியா வரும். எங்க 18 அடி ரோட்டுக்கு ஒரு வரிசைக்கு 10 பீஸ், ரெண்டு ஓரப் பீஸ் ஆச்சு, ரெண்டு வரிசை வாங்கினோம். ரப்பர் நல்ல ரப்பர்தான், 7 மாசத்துல ஒரு வெடிப்பு கூட இல்ல, தண்ணி லாரி ஏறி இறங்கியும் நசுங்கல. ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டர்தான் பாதி பிச்சுக்கிட்டு போயிடுச்சு.

பிரச்சினை போல்ட்டுல. கடைக்காரர் கூட குடுத்தது எல்லாம் குட்டை போல்ட்டு. கான்கிரீட்னா அது கடிச்சு புடிச்சுக்கும், தார் ரோடு நம்ம ஊரு சித்திரை வெயில்ல இளகிடும், ரெண்டே மாசத்துல ரெண்டு பீஸ் தூக்கிக்கிச்சு, போல்ட்டு தலை வெளிய நீட்டிட்டு நின்னுச்சு, டூ வீலர் டயருக்கு அதைவிட ஆபத்து வேற இல்ல. போன் பண்ணா ரோடு சரியில்லன்னு சொல்லிட்டு அப்புறம் எடுக்கவே இல்ல. தார் ரோட்டுக்கு விக்கிறவர் இதை முதல்லயே சொல்லணும், எனக்கு இன்னும் கோவம் தீரல. அப்புறம் பட்டறைக்கார அண்ணன் ஒருத்தர் ஆழமா துளை போட்டு கெமிக்கல் ஊத்தி நீள போல்ட்டு இறக்கி குடுத்தாரு, அதுக்கப்புறம் அசையல. ஆடி மாசம் அம்மன் ஊர்வலம் வந்தப்ப நட்டை கழட்டி எடுத்து வச்சு மறுநாள் திரும்ப மாட்டினோம், சிமெண்ட் மேட்டுல அது நடக்காது.

வேகம் குறைஞ்சுதான்னா குறைஞ்சுது, ஆனா எங்க போடுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. முதல்ல ரெண்டையும் தெரு நடுவுல கிட்டகிட்ட போட்டோம், அங்க மட்டும் பிரேக் புடிச்சு தாண்டினதும் முன்னைவிட முறுக்கினாங்க. ஒண்ணை கழட்டி தெரு திரும்புற இடத்துக்கு கிட்ட, வண்டி வேகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே போட்ட பிறகுதான் நிஜமாவே அடங்குச்சு. ஓரத்துல தண்ணி போக விட்ட இடைவெளியையும் ஒரு ஜாணுக்கு மேல விடாதீங்க, பைக்காரங்க எல்லாம் அதுலயே நுழைஞ்சு போவாங்க, அங்கதான் வயசானவங்க நடக்குறாங்க.

ஒரு குறை என் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. இந்த அகலம் கம்மியான மேடு, வேகமா வர்ற காருக்கு அவ்ளோவா தெரியாது, சஸ்பென்ஷன் வாங்கிக்கும், மெதுவா வர்றவங்களுக்குத்தான் முதுகுல அடிக்குது. பாவு சுத்தின உருளையை டிவிஎஸ் எக்ஸ்எல்ல கட்டிட்டு வர்ற நெசவுக்காரர் ஒருத்தர் தினம் மேட்டுக்கு முன்னாடி இறங்கி தள்ளிட்டுத்தான் போறாரு, அவரால எங்க தெருவுக்கு எந்த ஆபத்தும் வந்ததே இல்ல. ரோடு எப்படி போடணும்னு விதிமுறை வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 1988ல போட்ட விதிமுறைல சொன்ன மேடு, வண்டி போற பக்கமா 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல வந்தா சுகமா ஏறி இறங்கலாம், அதுக்கு மேல வந்தாத்தான் தூக்கிப் போடும். எங்களுக்கு வேண்டியது அதுதான். அடுத்த தடவை ரோடு போடுறப்ப அந்த மாதிரி போட்டு குடுங்கன்னு இப்பவே மனு எழுதி குடுத்திருக்கோம், முன்னாடியே தெரியுற மாதிரி எச்சரிக்கை போர்டும் சேத்து கேட்டிருக்கோம்.

மேட்டுக்கு நேர் வீட்டு அக்காவுக்கு ராத்திரி லோடு வண்டி ஏறினா டொப்பு டொப்புன்னு தூக்கம் கெடுது, யார் வாசலுக்கு நேரா வருதுன்னு அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க, நாங்க கேக்காம விட்டது தப்பு.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். வாங்குறவங்க நீள போல்ட்டு தனியா வாங்கிக்கோங்க. நான் ஞாயித்துக்கிழமை காலைல ஸ்பேனர் எடுத்துட்டு போயி ஒவ்வொரு போல்ட்டா பாக்குறேன், போன வாரம் வடக்கு ஓரத்துல ஒண்ணு லூசா இருந்துச்சு, முறுக்கிட்டு வந்தேன்.