18,500 ரூபா போய்விட்டது, சேர்வர் திருத்தக் கொடுக்கிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு டவுனில் கொம்பியூட்டர் திருத்தி, வெப்சைட்டும் செய்து கொடுக்கிற ஒரு கடையில் போன செவ்வாய்க்கிழமை 18,500 ரூபா கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் செய்த வேலை ஒன்றுமே இல்லை.

மருதமுனையில் ஒரு கைத்தறிக்காரருக்கு ஓடர் கணக்கு எழுதுகிற சின்ன மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். பழைய லெப்டொப் செத்துப்போக, எல்லாவற்றையும் உபுண்டு இயங்குதளம் போட்ட புது லெப்டொப்புக்கு மாற்றினேன், அதுதான் மற்றக் கருவிகளுக்குத் தரவு அனுப்புகிற சேர்வர். அன்றிலிருந்து தறி வீட்டு டெப்லெட்டில் ஓடர் பட்டியல் வெறுமையாகவே வந்தது. பக்கம் ஒரு போர்ட்டிலும் (சேர்வரின் ஒரு வாசல் எண்) கணக்கு இன்னொரு போர்ட்டிலும் ஓடுவதால், 'அக்சஸ் கன்ட்ரோல் அலவ் ஒரிஜின்' என்ற ஹெடர் (பதிலோடு வருகிற குறிப்பு வரி) சேர்வரின் பதிலில் வராவிட்டால் பிரவுசர் தரவைப் பக்கத்துக்குத் தராது. சேர்வர் மென்பொருளான அப்பாச்சியின் அமைப்புகளை எழுதுகிற கொன்ஃபிக் ஃபைலில் அந்த வரியை நான் எழுதியிருந்தேன், ஃபைலில் வரி இருக்கிறது, பதிலில் ஹெடர் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. மூன்று இரவு மண்டையை உடைத்துவிட்டு, கல்முனை பஸ்ஸில் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிப் போனேன்.

கடைத் தம்பி நன்றாகத்தான் கதைத்தான். "பயப்படாதீங்க அக்கா, சேர்வருக்கு உள்ளே போய்ச் செய்யிற வேலை, ஒரு மணித்தியாலம் தாங்க" என்று சொல்லித் தேத்தண்ணியும் எடுத்துத் தந்தான். கறுப்புத் திரையில் மளமளவென்று தட்டினான். பிறகு பிரவுசரைத் திறந்து, "இந்தாங்க, பாருங்க" என்றான். ஓடர் பட்டியல் முழுதாக வந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேசாமல் 18,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் "சேர்வர் வேலை" என்று இரண்டு சொல் மட்டும்.

வீட்டுக்கு வந்து டெப்லெட்டில் பார்த்தால் பழையபடி வெறுமை. அழைத்தேன். "உங்கட வைஃபை பிரச்சினை அக்கா." மறுநாள் அழைத்தேன். "சேர்வர் லைசன்ஸ் முடிஞ்சிருக்கும், புதுப்பிக்க இன்னும் 6,000 வேணும்." அப்பாச்சி இலவசம், அதற்கு என்ன லைசன்ஸ்! மூன்றாம் நாள் முதலாளி கொழும்பு போய்விட்டாராம். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் பிரவுசரின் மேல் மூலையில் நான் போடாத ஒரு சின்ன வட்டக் குறியைக் கண்டேன். இல்லாத ஹெடரை இருக்கிறதுபோல் பிரவுசருக்கு உள்ளேயே சேர்த்துக் காட்டுகிற எக்ஸ்டென்ஷன் அது. சேர்வரைத் தொடவே இல்லை, என் கண்ணைத்தான் கட்டியிருக்கிறான். அதற்கு 18,500!

உண்மையான பழுது என்ன தெரியுமா? ஹெடர் மொடியூலை, அதாவது ஹெடர் சேர்க்கிற அப்பாச்சியின் துணைப் பகுதியை, உபுண்டு தானாக இயக்கி வைப்பதில்லை. நான் அந்த வரியை 'இஃப் மொடியூல்' என்ற கட்டுக்குள் போட்டிருந்தேன், மொடியூல் இல்லாவிட்டால் அந்தக் கட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 'ஏ2என்மொட் ஹெடர்ஸ்' என்று ஒரு கட்டளை, அப்பாச்சியை ஒருதரம் ரீஸ்டார்ட், இரண்டு நிமிடம்.

திருத்துவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், கோபத்தில் கை ஓடவில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் காட்டினால் நம்பாதீர்கள், பிரவுசர் இல்லாமல் சேர்வரின் பதிலை நேரே காட்டுகிற 'கர்ல்' கட்டளையில் ஹெடர் வருகிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள், உங்கள் போனிலும் திறந்து பாருங்கள். சரியான பதிலில் ஹெடர் வந்து, 404 (பக்கம் இல்லை), 500 (சேர்வர் பழுது) பிழைகளில் மட்டும் காணாமல் போனால் அந்த வரியில் 'ஆல்வேஸ்' சேர்க்க வேண்டும், அதற்கும் ஒருவருக்கும் காசு கொடுக்காதீர்கள். என்ன மாற்றினார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன். ரசீதும் அந்தக் குறியின் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.